96 வயதில் பரீட்சை



"கண் மங்கிப் போச்சு. கை நடுங்குது. இனி எனக்கு எதுக்குப் படிப்பு?" சந்தாபுராவில் பாட்டிமார் இப்படிக் கேட்கிறார்கள்.

கேரளாவில் ஆலப்புழை மாவட்டத்தில் கார்த்தியாயினி அம்மா என்று ஒருவர் இருந்தார். பள்ளிக்கூடம் போனதே இல்லை. கோயில்களில் கூட்டிப் பெருக்கிப் பிள்ளைகளை வளர்த்தவர். வயதான காலத்தில் மகள் பரீட்சை எழுதித் தேறினார். அதைப் பார்த்துத் தாய்க்கும் ஆசை வந்தது. கொள்ளுப்பேரப்பிள்ளைகள் சொல்லிக் கொடுத்தார்கள்.

2018-இல் எழுத்தறிவுப் பரீட்சை எழுதினார். அப்போது வயது 96. மதிப்பெண் 100-க்கு 98! அடுத்து கம்ப்யூட்டர் கற்க வேண்டும் என்றார். மனசு எவ்வளவு இளசு, பாருங்கள்! 2023-இல், 101 வயதில் காலமானார்.

நாற்பதைத் தாண்டினால் கிட்டத்து எழுத்து எல்லோருக்கும் மங்கும். கண்ணாடி போட்டால் தெரியும். கண்ணாடி வேண்டுவோர் வகுப்பு முடிந்ததும் பெயர் கொடுங்கள்.