தாழ்வாரம் இல்லாத வீடு



மார்கழி விடுமுறையில் மட்டக்களப்பின் பாசிக்குடாப் பக்கமோ கல்லடிக் கடற்கரைப் பக்கமோ போனவர்கள் கண்டிருப்பீர்கள். வாகனத்தை நிறுத்தி நீளமான ஒரு பையை இறக்குவார்கள். உச்சியில் உள்ள கயிற்றைப் பிடித்து ஒரு இழுப்பு. குடை விரிகிற மாதிரிக் கால்கள் விரிந்து, நாலு பேர் படுக்கிற கூடாரம் எழும்பி நிற்கும். இரண்டு மூன்று நிமிட வேலை. பக்கத்தில் நிற்கிற பிள்ளைகள் கைதட்டுவார்கள். இந்தக் குடைக்கூடாரத்தோடு நமது மாரி மழையில் ஒரு இரவைக் கழிப்பது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

நானும் ஒன்று வாங்கினேன். வாங்கிய அன்றே பெரியம்மாவின் வளவில் விரித்துக் காட்டினேன். பெரியம்மா நாவலடியில் இருந்தவ. 2004 டிசம்பர் 26இல் கடல் வீட்டைக் கொண்டுபோன பிறகு, கொஞ்ச நாள் பள்ளிக்கூடத்திலும் அதற்குப் பின் மாதக்கணக்கில் கூடாரத்திலும் இருந்தவ. அவ என்னுடைய கூடாரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தா. துணியைத் தொட்டுப் பார்த்தா. பிறகு கேட்டா: "எல்லாம் சரி மனே, இதுக்குத் தாவாரம் எங்க?"

நான் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்குள்தான் முழு விஷயமும் இருக்கிறது என்று விளங்க எனக்கு இரண்டு மாரி எடுத்தது.

இந்தக் கூடாரங்களின் அமைப்பு குளிர்நாடுகளில் உருவானது. அங்கே மழை வந்தால் கதவை இழுத்து மூடி, உள்ளே சூட்டைக் காப்பாற்றிக்கொண்டு படுக்கலாம். நம்முடைய மழை வேறு. கார்த்திகை, மார்கழி, தை என்று வாடைக்காற்றோடு வந்து கொட்டுகிறது, ஆனால் குளிரில்லை. ராத்திரியிலும் வெக்கை இருக்கும். எல்லாவற்றையும் மூடினால் அரைமணி நேரத்தில் உடம்பு வேர்வையில் நனைந்துவிடும். காற்றுக்காகக் கதவைத் திறந்தால், தடுக்கத் தாழ்வாரம் இல்லாதபடியால் மழை நேரே பாயில் விழும். மூடவும் முடியாது, திறக்கவும் முடியாது.

இதோடு மூச்சும் சேரும். நித்திரை கொள்கிற ஒருவர் ஒரு இரவில் ஏறக்குறைய ஒரு கிளாஸ் தண்ணீரை ஆவியாக வெளியே விடுகிறார். நாலு பேர் என்றால் நாலு கிளாஸ். மழைபட்டுக் குளிர்ந்த துணியில் அந்த ஆவி துளியாகப் பிடித்து, விடியப்புறம் முகத்தில் சொட்டும். கூடாரம் ஒழுகுகிறது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறவர்களில் பலருக்கு உண்மையில் நடப்பது இதுதான். அதற்காக நல்ல கூடாரத்தில் இரண்டு தோல் வைப்பார்கள். உள்ளே மூச்சுவிடுகிற மெல்லிய வலை, வெளியே மழை தாங்குகிற துணி, இரண்டுக்கும் நடுவே காற்றுக்கு இடைவெளி. மேலே உள்ள காற்றுவழியை மழையிலும் அடைக்கக்கூடாது.

வாங்குபவர்கள் துணியில் எழுதியிருக்கிற எண்ணைப் பார்த்துத்தான் மயங்குகிறார்கள். 3000 மில்லிமீட்டர் என்று இருந்தால், அந்தத் துணியின் மேல் மூன்று மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலும் கசியாமல் தாங்கும் என்று பொருள். கேட்க நல்லாயிருக்கும். ஆனால் தண்ணீர் துணி வழியாக வருவதைவிடத் தையல் வழியாகத்தான் அதிகம் வருகிறது. ஊசி போன ஒவ்வொரு இடமும் ஓட்டை. தையலுக்கு உட்புறம் பட்டி ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மேல்துணி நிலம்வரை இறங்குகிறதா, உச்சியில் தொப்பி மாதிரி மட்டும் நிற்கிறதா என்றும் பாருங்கள். தொப்பி போட்ட கூடாரம் பங்குனி வெயிலுக்குப் போதும். வாடை மழை சரிந்து அடிக்கிற மழை. அதற்கு அது சரிவராது.

எங்கே போடுவது என்பது இன்னும் பெரிய விஷயம். வாவிக்கரையில் புல்லாய் மட்டமாய் ஒரு இடம் கண்டால் எல்லோருக்கும் ஆசை வரும். நமது வாவி சுமார் 56 கிலோமீட்டர் நீளம். அது கடலைச் சேர்கிற வாய் முகத்துவாரத்தில் ஒன்று, பெரியகல்லாற்றில் ஒன்று. கோடையில் மணல் ஏறி வாய் அடைபட்டுவிடும். மாரியில் மேற்கே குளங்கள் நிரம்பி, உன்னிச்சையிலும் நவகிரியிலும் வான்கதவு திறந்தால் தண்ணீர் எல்லாம் வாவிக்குத்தான் வரும். ஆற்றுவாய் வெட்டும்வரை அந்தத் தண்ணீர் போக இடமில்லாமல் கரையில் ஏறிக்கொண்டே இருக்கும். சத்தம் போடாமல் ஏறும். படுக்கும்போது பத்து அடி தள்ளியிருந்த வாவி விடியும்போது காலடியில் நிற்கும். இதை நான் கண்டிருக்கிறேன். போன வெள்ளத்தின் சருகும் குப்பையும் மரத்தில் எந்த உயரத்தில் சிக்கியிருக்கிறதோ, அதற்கு மேலேதான் கூடாரம் வர வேண்டும். தென்னைக்குக் கீழேயும் போடாதீர்கள். குளக்கட்டின் வான் பாய்கிற பக்கம் பிள்ளைகளோடு போகவே வேண்டாம்.

மழைக்குள் தங்குகிற இந்தக் கலையைச் சரியாகப் படிக்க விரும்புகிறவர்கள் வாவிக்கு மேற்கே படுவான்கரைக்குப் போய், வட்டைகள் என்கிற வயல்வெளிகளில் இருக்கிற வயல்வாடியைப் பார்க்க வேண்டும். ஒரு போகம் முழுவதும் மழைக்குள் கிடந்து வேளாண்மை காக்கிறவர்கள் கட்டுவது அது. மேட்டில் நிற்கும். உள்நிலம் ஒரு சாண் உயர்த்தியிருக்கும். சுற்றிவரச் சிறு வாய்க்கால், தண்ணீர் போகிற வழியும் அதிலேயே வெட்டியிருக்கும். முதுகு வாடைக்கு, வாசல் எதிர்ப்பக்கம். கிடுகுக் கூரை சுவரைத் தாண்டி நன்றாக இறங்கி வரும். சுவர் பாதிதான், சில வாடிக்கு அதுவும் இல்லை. காற்று தாராளமாக வந்து போகும், ஆனால் ஒரு துளி உள்ளே வராது. பெரியம்மா கேட்ட தாவாரம் அதுதான். நான் பார்த்த மழைக்கால இருப்பிடங்களில் இவ்வளவு அறிவோடு கட்டிய வேறொன்றைச் சொல்ல என்னால் முடியாது.

அப்படியானால் குடைக்கூடாரம் வேண்டாமா? வேண்டும் என்றுதான் சொல்வேன். அதற்குத் தைத்த தரை இருக்கிறது. வெள்ளக் காலத்தில் மேட்டுநிலம் தேடி வருகிற பாம்பும் மட்டத்தேளும் உள்ளே வராது. நுளம்பு வராது. பிள்ளைகள் பயமில்லாமல் படுப்பார்கள். கொட்டுகிற மழையில் இரண்டு நிமிடத்தில் எழும்புவது பெரிய காரியம். மேல்துணி சட்டத்தோடு சேர்ந்து விரிகிற வகையென்றால் உள்வீடு நனையாமலே நிற்கும். இல்லாத ஒன்று கூரைதான். அந்தக் கூரையை நாம் கொண்டுபோக வேண்டும்.

பெரியம்மா 2005 தை மாதத்தில் செய்தது அதைத்தான். நிவாரணத்தில் கிடைத்த தறப்பாளைக் கூடாரத்துக்கு மேலே, அதில் முட்டாமல், இரண்டு கப்பு நட்டு இழுத்துக் கட்டியிருந்தா. முன்பக்கம் ஆறடி நீட்டி விட்டிருந்தா. அந்த ஆறடிக்குள்தான் சமையல், பிள்ளைகளின் படிப்பு, வந்தவர்களோடு கதை எல்லாம். பக்கத்துக் கூடாரங்களிலும் பார்த்துப் பார்த்துக் கட்டினார்கள். மாரி முடிந்து வெயில் ஏறியபோது, கூடாரத்துக்குள் இருக்க முடியாமல் போன பகல்களையும் அந்த நிழலில்தான் கழித்ததாகச் சொல்லுவா. யுத்தத்தால் வாகரையிலிருந்து 2006, 2007இல் இடம்பெயர்ந்து வந்தவர்களும் தறப்பாளுக்குள் மாரி கழித்தவர்கள்தான். இந்த மாவட்டத்தில் கூடாரம் என்ற சொல்லைக் கேட்டதும் உல்லாசப் பயணம் எல்லோருக்கும் ஞாபகம் வராது. அதை மனதில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன். அவர்கள் பட்டுப் படித்ததை நாம் கேட்டுப் படிக்கிறோம்.

ஆக, நாலுக்கு ஐந்து மீட்டரில் ஒரு தறப்பாளும் இருபது பாகம் கயிறும் கூடாரப் பையோடு போகட்டும். தறப்பாளை ஒரு பக்கம் சரித்துக் கட்டுங்கள். மட்டமாகக் கட்டினால் நடுவில் தண்ணீர் தேங்கிப் பாரத்தில் கிழியும். நமது கடற்கரை மணலில் முளை நிற்காது. உரப்பையில் மணலை நிரப்பி, கழுத்தில் கயிறு கட்டி, முழங்கை ஆழத்துக்குப் புதைத்து விடுங்கள், வாடை அசைக்காது. கூடாரத்துக்குக் கீழே விரிக்கிற பொலித்தீன் கூடாரத்தைவிட ஒரு விரல்கூட வெளியே நீளக்கூடாது. நீண்டால் மேலிருந்து வடிகிற மழையை ஏந்தி அப்படியே உங்களுக்குக் கீழே கொண்டுவந்து விடும். அடுப்பு எப்போதும் தாழ்வாரத்தில்தான். மழை என்று மூடிய கூடாரத்துக்குள் அடுப்பையோ கரியையோ கொண்டுபோனால், அதன் நச்சு வாயு நித்திரையிலேயே ஆளைக் கொல்லும்.

கழற்றும்போது தறப்பாள் கடைசி. அதற்குக் கீழே நின்று கூடாரத்தை நனையாமல் மடிக்கலாம். வீட்டுக்கு வந்ததும் களைப்பைப் பார்க்காமல் பிரித்து, நிழலில் உலர்த்துங்கள். ஈரத்தோடு பைக்குள் கிடந்தால் ஒரு கிழமையில் பூஞ்சணம் பிடிக்கும். உட்புறப் பூச்சு நாளடைவில் பிசுபிசுத்து உரியும், பிறகு அந்தத் துணி மழை தாங்காது. என்னுடைய முதல் கூடாரம் அப்படித்தான் போனது. இரண்டாவது, போன ஞாயிறு முழுவதும் பெரியம்மா வீட்டு விறாந்தையில் தொங்கியது. சாயந்தரம் அவ அதை உதறி மடித்துத் தந்தா. மடிப்புக்குள்ளிருந்து ஒரு கைப்பிடி கடல்மணல் கொட்டியது.