முகாமுக்குப் போகிறவர்களுக்கு

(உக்குவளையில் நடந்த பட்டமளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



உக்குவளையில் பேச வருகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. பொல்கொல்லையில் மறித்துத் திருப்பிய மகாவலித் தண்ணீர் ஏறக்குறைய 8 கிலோமீற்றர் மலைக்குள்ளே சுரங்கத்தில் வந்து, நம்மூர் மின்நிலையத்தைச் சுழற்றிவிட்டு, சுது கங்கையில் இறங்குகிறது. 1976இலிருந்து இப்படித்தான். இருட்டு, வெளிச்சம், பொறுமை, விடாமுயற்சி என்று எதைப் பேசினாலும் அந்தச் சுரங்கத்தை உள்ளே இழுத்துவிடலாம். பட்டம் பெறும் பிள்ளைகளே, நீங்களும் ஒன்பதாம் வகுப்பிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இன்றைக்குத் தண்ணீரை அதன் பாட்டில் போகவிடுவோம்.

உங்களில் சிலர் பொலிஸுக்கும் முப்படைக்கும் விண்ணப்பம் போட்டிருக்கிறீர்கள். யார் யார் என்று எனக்குத் தெரியும். வீட்டில் இன்னும் சொல்லாதவர்களின் பெயரை மேடையில் சொல்லமாட்டேன், பயப்பட வேண்டாம். பள்ளிக்கூடத்தில் பல வருடம் கடெட் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவன் என்ற முறையில் உங்களோடுதான் இன்று முதலில் பேச நினைக்கிறேன். மற்றவர்கள் இது நமக்கில்லை என்று போனை எடுத்துவிடாதீர்கள். இந்த நாட்டில் படித்தவன் முகாமுக்குப் போவதற்குப் படையில் சேர்ந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் எப்போதும் இருந்ததில்லை.

2011 மே மாதம் பல்கலைக்கழக அனுமதி கிடைத்த பிள்ளைகளுக்கு ஒரு கடிதம் வந்தது. வளாகத்துக்குள் கால் வைக்குமுன் மூன்று வாரம் இராணுவ முகாமில் தலைமைத்துவப் பயிற்சி. அப்போது உயர்கல்வி அமைச்சர் எஸ்.பி. திசாநாயக்க. முதல் தொகுதியில் ஏறக்குறைய 10,000 பேர், 28 முகாம்கள். பகிடிவதை குறையும், ஒழுக்கம் வரும், எல்லா இனத்துப் பிள்ளைகளும் பழகுவார்கள் என்று காரணம் சொன்னார்கள். பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம் எதிர்த்தது. வரலாறு, பாரம்பரியம் என்று வைத்திருக்கும் பாடத்தில் ஒரு சமூகத்தின் கதை மட்டும் இருக்கிறதே என்று கேட்டது. உயர் நீதிமன்றத்துக்கும் மனு போனது. பயிற்சி நிற்கவில்லை, அடுத்தடுத்த வருடங்களிலும் தொடர்ந்தது. பிறகு 2020 செப்டெம்பரில், அரச வேலைக்கு எடுத்த பட்டதாரிப் பயிலுனர்களும் தலைமைத்துவப் பயிற்சி என்று இராணுவ நிலையங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். 2021 பெப்ரவரியில் அமைச்சர் சரத் வீரசேகர 18 வயது தாண்டிய எல்லோருக்கும் இராணுவப் பயிற்சி கட்டாயமாக வேண்டும் என்று நாடாளுமன்றத்திலேயே யோசனை சொன்னார். அது சட்டமாகவில்லை. ஆனால் அந்த யோசனை அலுமாரிக்குள் பத்திரமாக இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

முகாமில் மூன்று வாரம் ஓடுவதே தவறு என்று நான் சொல்லவரவில்லை. யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் மாத்தறைப் பிள்ளையும் ஒரே தட்டில் சாப்பிட்டுத் திரும்பிய கதைகளும் உண்டு, அவற்றை நான் மறுக்கவில்லை. என் சண்டை வேறு. உள்ளே என்ன நடக்கும், ஏன் நடக்கும், எதற்கு முடியாது என்று சொல்லலாம் என்பதை யாரும் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்பவில்லை. உடம்புக்கு ஒரு மருத்துவச் சான்றிதழ் கேட்டார்கள் என்றால், மனசுக்கு ஒரு பக்கமாவது எழுதிக் கொடுத்திருக்கலாம். அந்தப் பக்கத்தைத்தான் இப்போது வாசிக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று நாள்தான் பொல்லாத நாள். எந்த நாட்டு முகாமானாலும் பெரிய வித்தியாசம் இல்லை. தலைமயிர் போகும். உங்கள் சட்டை போகும், எல்லோருக்கும் ஒரே உடுப்பு வரும். பெயர் பின்னுக்குப் போய் இலக்கம் முன்னுக்கு வரும். போன் போகும். எப்போது தூங்குவது, எப்போது மலசலகூடம் போவது என்பதுகூட உங்கள் கையில் இருக்காது. கட்டில் விரிப்பின் மூலை சரியாக மடியவில்லை என்று மறுபடி மறுபடி மடிக்க வைப்பார்கள். ஒருவன் சப்பாத்துக் கயிறு கட்டாமல் வந்தால் முப்பது பேரும் தரையில் கிடந்து தண்டால் எடுக்க வேண்டும். இரவில் அவனை முப்பது பேரும் முறைப்பார்கள்.

இதில் எதுவும் தற்செயல் இல்லை. எர்விங் கொஃப்மன் என்ற சமூகவியலாளர் 1961இல் எழுதிய நூலில் மனநோய் மருத்துவமனை, சிறை, மடம், படைமுகாம் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்தினார். ஒரே வேலிக்குள் தூங்கி, ஒரே மணிக்குச் சாப்பிட்டு, ஒரே அதிகாரத்தின் கீழ் முழு நாளும் கழிகிற இடங்கள். வருகிறவனுடைய பழைய அடையாளத்தை வாசலிலேயே ஒவ்வொன்றாகக் கழற்றி வைப்பது அவற்றின் வழக்கம் என்றார். மடத்துக்குப் போகிறவன் அதைத் தெரிந்துகொண்டு போகிறான். முகாமுக்குப் போகிறவனுக்கு அது முதல்நாள் விடியற்காலையில் ஒரு விசில் சத்தத்தோடு தெரியவருகிறது.

ஏன் கத்துகிறார்கள்? சுற்றிலும் வெடிச்சத்தம் கேட்கும்போது மூளை உறைந்தாலும் கை தன் வேலையைச் செய்ய வேண்டும், அதற்குத்தான் அந்தச் சத்தத்திலேயே சின்னச் சின்ன வேலைகளைச் செய்யப் பழக்குகிறார்கள். ஏன் கூட்டுத் தண்டனை? பக்கத்தில் நிற்பவனின் கயிற்றையும் நீங்கள் பார்க்க வேண்டும் என்பதற்கு. சார்ஜன்ட் உங்களைத் தனியாகக் குறிவைத்துத் திட்டுவதாக நினைத்தால் முதல் வாரத்திலேயே மனசு உடைந்துவிடும். போன தொகுதிக்கும் அவர் அதே வசனத்தைத்தான் சொன்னார், வருகிற தொகுதிக்கும் சொல்வார். இதைத் தெரிந்துகொண்டவனுக்கு அந்தச் சத்தம் பாதியாகக் குறைகிறது.

அமெரிக்கக் கடற்படையின் சீல் வீரர்களுக்கு மனப்பயிற்சி என்று சொல்லிக்கொடுப்பதைப் பார்த்தால் சிரிப்பு வரும், அவ்வளவு எளிது. அடுத்த சின்ன இலக்கை மட்டும் பார், செய்யப்போவதை முன்கூட்டியே மனசுக்குள் ஓட்டிப்பார், உனக்கு நீயே நல்லதைச் சொல்லு, மூச்சை மெதுவாக விடு. நம் பாஷையில் சொன்னால், ஆறு மாதத்தை நினைக்காதே, காலைத் தேத்தண்ணி வரைக்கும் நினை. தேத்தண்ணி வந்ததும் பகல் சாப்பாடு வரைக்கும் நினை. இப்போதே தொடங்கக்கூடியவையும் உண்டு. விடிய நாலரைக்கு எழும்புங்கள். போனைப் பகலில் அம்மாவிடம் கொடுத்துவையுங்கள், முதல் இரண்டு நாள் கை தானாகப் பொக்கற்றுக்குள் போகும், பிறகு அடங்கிவிடும். கால் பழகும்வரை மாத்தளைக்கு பஸ் ஏறாமல் சப்பாத்துப் போட்டு நடந்து போய் வாருங்கள். முகாமில் அழுகிறவர்களில் பாதிப்பேர் கொப்புளத்துக்கு அழுகிறார்கள், வீட்டு நினைவு என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

ஒன்றில் நீங்கள் ஏற்கெனவே முன்னுக்கு இருக்கிறீர்கள். லயத்து அறையில் ஆறு பேரோடு படுத்து, தண்ணீர்க் குழாயடியில் வரிசையில் நின்று வளர்ந்த பிள்ளைக்கு முகாம் கட்டடத்தில் படுக்கப் புதிதாகப் பழக வேண்டியதில்லை. தனியறை வீட்டுப் பிள்ளைகளைவிட அங்கே உங்களுக்குச் சீக்கிரம் தூக்கம் வரும்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கட்டளை சிங்களத்தில் வரும். சீருவென், பஹசுவென், வம, தக்குண. சந்தையில் பேசுகிற சிங்களம் உங்களுக்கு நன்றாக வரும், ஆனால் விடியற்காலையில் பாதித் தூக்கத்தில் ஒருவர் தொண்டை கிழியக் கத்தும் சிங்களம் வேறு மாதிரி. அரை விநாடி தாமதமாகத் திரும்புகிறவன்மீதுதான் எல்லாக் கண்ணும் விழும். முன்கூட்டியே காது பழகட்டும். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. சிங்கப்பூர் இராணுவத்தில் அணிநடைக் கட்டளை மலாய் மொழியில். அங்குள்ள சீனப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் “செடியா” என்று கேட்டவுடன் நிமிர்ந்து நிற்கப் பழகுகிறார்கள்.

சிங்கப்பூரைப் பற்றி இன்னும் கொஞ்சம். 1967இலிருந்து அங்கே ஆண்பிள்ளைகளுக்குத் தேசிய சேவை கட்டாயம். படகேறித் தெக்கோங் தீவுக்குப் போய் அடிப்படைப் பயிற்சி எடுக்கிறார்கள். சேருகிற நாளில் பெற்றோரும் கூடவே போய், பிள்ளை படுக்கும் கட்டிலைப் பார்த்து, அங்கேயே சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். அதைவிடப் பெரிய விஷயம், அந்த வீட்டில் அப்பாவும் அண்ணனும் முன்பே போய் வந்தவர்கள். பதினெட்டு வயது வரும்போது அந்தப் பிள்ளைக்கு முகாமின் வாசனைகூடக் கதையாகத் தெரிந்திருக்கும். கட்டாயம் என்பது எனக்குப் பிடிக்காத சொல், ஆனாலும் பிள்ளையை அனுப்புகிற விதத்தில் அவர்களிடம் கற்றுக்கொள்ள இருக்கிறது.

நம் பக்கம் எப்படி என்பதற்கு 2012ஐப் பாருங்கள். அந்த நவம்பரில் வன்னியைச் சேர்ந்த நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப் பெண்களை இராணுவம் சேர்த்துக்கொண்டது. போர் முடிந்து மூன்று வருடம் கழித்து, அதே மண்ணிலிருந்து, அதே இராணுவத்துக்கு. அலுவலக வேலை என்று நம்பிப் போனவர்கள் அவர்களில் இருந்ததாக அப்போதே செய்தி வந்தது. அடுத்த மாதம் அவர்களில் சிலர் கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்பட்டார்கள். வெளியே ஒரு கதை ஓடியது, இராணுவம் வேறொன்று சொன்னது. எது உண்மை என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஒரு பெண்பிள்ளை வேலைக்குப் போகிறேன் என்று வீட்டைவிட்டு இறங்கி, விசில் சத்தத்துக்கு விழிக்கிறாள் என்றால் அவள் மனசு என்ன பாடுபடும் என்பதற்கு டொக்டர் வேண்டியதில்லை. ஆகவே படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள். எத்தனை வருட ஒப்பந்தம்? இடையில் விலக வழி என்ன? எங்கே பயிற்சி? தொழுகைக்கு நேரம் உண்டா, நோன்பு மாதத்தில் எப்படி, மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவருக்கு என்ன ஏற்பாடு? எழுத்தில் கேளுங்கள். பதில் சொல்லக் கூச்சப்படுகிற இடத்துக்குப் பிள்ளையை அனுப்பப் பெற்றோரும் கொஞ்சம் கூச்சப்படலாம்.

உடுப்பு, மயிர், நித்திரை, நேரம், கோபம், இவற்றையெல்லாம் முகாமிடம் தாராளமாகக் கொடுத்துவிடுங்கள். முரண்டு பிடித்து எதுவும் கிடைக்காது. ஆனால் இரண்டு பொருளை வாசலில் கழற்றி வைக்காதீர்கள்.

ஒன்று, முடியவில்லை என்று சொல்லும் வாய். 1956 ஏப்ரல் 8ஆம் திகதி இரவு, அமெரிக்காவின் பாரிஸ் ஐலண்ட் மரீன் முகாமில் மத்தியூ மக்கியோன் என்ற பயிற்றுவிப்பாளர் ஒழுக்கம் வர வேண்டும் என்று தன் அணியை ரிபன் கிரீக் என்ற கடல்நீர் ஓடைக்குள் நடத்திக்கொண்டு போனார். நீந்தத் தெரியாதவர்களும் அந்த அணியில் இருந்தார்கள். ஆறு பேர் மூழ்கி இறந்தார்கள். அவருக்கு இராணுவ நீதிமன்றத்தில் தண்டனை, அதன்பின் பயிற்றுவிப்பாளர்கள்மேல் கண்காணிப்பும் கூடியது. அது பழைய கதை என்றால், 2018 ஏப்ரலில் இவ்வளவு ஒழுங்கான சிங்கப்பூரிலேயே 8 கிலோமீற்றர் வேகநடை முடித்த இளைஞர் ஒருவர் வெப்பத்தால் விழுந்து, சில நாளில் இறந்துபோனார். தலை சுற்றுகிறது, மூத்திரம் கறுக்கிறது, வியர்வை நின்றுவிட்டது என்றால் அதை மறைப்பது வீரமில்லை. பக்கத்தில் நிற்பவன் உளறத் தொடங்கினால் அவனுக்காக நீங்கள் சத்தம் போடுங்கள். திட்டு விழும், வாங்கிக்கொள்ளுங்கள்.

மற்றது மனச்சாட்சி. இதை வேறெங்கும் நீட்டிப் பேசவேண்டியிருக்கும், மாத்தளைக்காரர்களிடம் வேண்டாம். 2012 இறுதியில் நம் மாத்தளை ஆஸ்பத்திரி வளவில் மண் வெட்டியபோது 150க்கு மேற்பட்டவர்களின் எலும்புகள் வெளியே வந்தன. எந்தக் காலத்தவை என்பதில் வாதம் இன்னும் தீரவில்லை. ஜே.வி.பி. கிளர்ச்சியும் அடக்குமுறையும் நடந்த 1989ஐ நினைத்துக்கொண்டு, காணாமல்போன மகனின் படத்தோடு அந்தக் குழியருகே வந்து நின்ற சிங்களத் தாய்மாரை இந்த மாவட்டம் பார்த்தது. சீருடை போட்டவன் வீட்டிலும் ஒரு தாய் இருந்திருப்பாள். கட்டளைக்குத் திரும்புவது அரை விநாடியில் வர வேண்டும் என்றேன், அது அணிநடைக்கு. கை கட்டப்பட்ட ஒருவன் முன்னால் நிற்கும்போது அந்த அரை விநாடி போதாது.

பெற்றோருக்கு ஒரு சொல். முதல் மாதம் பிள்ளை அழுதுகொண்டு கோல் எடுத்தால், நாளைக்கே வா என்றும் சொல்லாதீர்கள், ஆம்பிளை அழுவானா என்றும் கேட்காதீர்கள். இன்றைக்கு என்ன சாப்பிட்டாய், கால் எப்படி, பக்கத்துக் கட்டிலில் யார் என்று கேளுங்கள். பார்வையாளர் நாளில் போய்விட்டு நீங்கள் திரும்புகிற அன்றிரவு அவர்களுக்கு மிகக் கஷ்டமான இரவு. அதனால் போகாமல் இருந்துவிடாதீர்கள். அடித்தார்கள், காசு கேட்டார்கள், பெண்பிள்ளையிடம் ஒருவர் தவறாக நடந்தார் என்று சொன்னால் மட்டும், அது வழக்கமான அழுகையில் சேராது. அன்றைக்கே பஸ் ஏறுங்கள், திகதியையும் நேரத்தையும் எழுதிவையுங்கள், மனித உரிமைகள் ஆணைக்குழு வரைக்கும் போங்கள்.

நேரமாகிவிட்டது, பிரியாணி ஆறுகிறது என்று பின்வரிசையிலிருந்து சைகை வருகிறது. விண்ணப்பப் படிவம் வைத்திருப்பவர்கள் சாப்பிட்டு முடித்துக் கீழே மைதானத்துக்கு வாருங்கள். படிவத்தை வரிக்கு வரி வாசிப்போம், பிறகு கொஞ்ச நேரம் சிங்களக் கட்டளை பழகுவோம். கத்துவதற்குப் பழைய கடெட் சார்ஜன்ட் ஒருவரை வரச் சொல்லியிருக்கிறேன். வீட்டில் சொல்லாதவர்கள் முதலில் அம்மாவிடம் சொல்லிவிட்டு வாருங்கள், மைதானத்தில் நிற்பதை இங்கிருந்து பார்த்தால் எப்படியும் தெரிந்துவிடும்.