குழுக் கடன்: ரிசர்வ் வங்கியின் பரிசீலனை யாருக்கு லாபம்?

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் கட்சி ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



கடன் இல்லாத வீட்டுக்காரர் கை தூக்குங்கள் என்றால் இங்கே ஒரு கையும் எழும்பாது. மில்லில் ஷிப்ட் குறைந்தால் கடன். நடவு முடிந்து அறுப்பு வரும் வரை கடன். தண்டல்காரனிடம் 10,000 என்று எழுதிக் கொடுத்து 9,000 வாங்குகிறோம். தினம் 100 வீதம் 100 நாள் கட்டுகிறோம். ஆயிரம் ரூபாய்தானே வட்டி என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலும் சேர்ந்தல்லவா திரும்பிப் போகிறது! வருஷக் கணக்கில் இது 75 சதவீதத்துக்கு மேல்.

கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றுக்கும் தமிழ்நாட்டில் 2003-லேயே தடைச் சட்டம் வந்துவிட்டது. ஆயினும் 2017 அக்டோபரில், பலமுறை மனுக் கொடுத்தும் பலனின்றி, ஒரு கூலித் தொழிலாளி திருநெல்வேலி கலெக்டர் ஆபீசில் மனைவி மக்களோடு தீக்கிரையானதை நாம் மறக்க முடியுமா?

இந்த வட்டிக்குப் பயந்துதான் நம் பெண்கள் மைக்ரோ பைனான்ஸ் கம்பெனிகளின் குழுக் கடனுக்குப் போனார்கள். ரசீது உண்டு, அட்டை உண்டு. ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் அவள் வாசலில் போய் உட்காரும் கொடுமையும் உண்டு. 2010-ல் ஆந்திராவில் வசூல் கெடுபிடி தாங்காமல் உயிர்கள் போயின. மாநில சர்க்கார் அவசரச் சட்டம் போட்டது. உடனே ரிசர்வ் வங்கி மாலேகாம் கமிட்டியை அமைத்தது. வட்டி 24 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2011 ஜனவரியில் கமிட்டி சொல்லிற்று. ரிசர்வ் வங்கி அதை 26 ஆக்கியது; அப்புறம் கணக்கிடும் முறையையே மாற்றியது.

2021-ல் மறுபடியும் ஒரு பரிசீலனை. அதன் பலனாக 2022 ஏப்ரல் முதல் புதிய விதிகள் அமுலுக்கு வந்தன. என்ன செய்தார்கள் தெரியுமா? வட்டிக்கு இருந்த வரம்பையே எடுத்துவிட்டார்கள்! கொள்ளை வட்டி கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். எத்தனை சதவீதம் போனால் கொள்ளை? எண் கிடையாது. கம்பெனியின் போர்டே வட்டிக் கொள்கையைத் தீர்மானிக்குமாம். போட்டி வந்தால் வட்டி தானே இறங்கும் என்பது அவர்கள் வாதம். குழந்தைக்குக் காய்ச்சல் என்று ராத்திரியில் பணம் தேடும் தாய் எத்தனை கம்பெனியில் விலை விசாரிப்பாள்?

நமக்கு மட்டும் வரம்பு உண்டு. வருஷம் 3 லட்சம் வரை வருமானமுள்ள குடும்பத்துக்குத்தான் இந்தக் கடன். எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வரம்பே இல்லாததற்கு இது மேல்தான், மறுக்கவில்லை. ஆனால் மாதம் 12,000 வரும் வீட்டைப் பாருங்கள். 6,000 தவணைக்குப் போகலாம். மிச்சம் ஆறாயிரத்தில் வாடகை, அரிசி, பள்ளிக்கூடம், மருந்து! இந்தக் கணக்கைப் போட்டவர்கள் ஒரு மாதமாவது அப்படிக் குடித்தனம் நடத்தியிருப்பார்களா?

இருந்தாலும் அந்த விதிகளில் நம் கைக்கு ஆயுதமும் இருக்கிறது. அதை ஏஜெண்டு சொல்ல மாட்டான், நாம்தான் சொல்ல வேண்டும். வசூலுக்காகக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. பேசி வைத்த பொது இடத்தில்தான் வசூல். தொடர்ந்து இரண்டு தடவையாவது நாம் அங்கே வராவிட்டால்தான் வீட்டுக்கு வரலாம். வசவு, மிரட்டல் கூடாது. முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது. கடன் அட்டை நமக்குப் புரியும் பாஷையில் இருக்க வேண்டும். வருஷ வட்டி மொத்தம் எவ்வளவு என்பதையும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இந்தக் கடைசி விஷயம் முக்கியம். "12 சதவீதம்தான் அம்மா" என்பான். 10,000 வாங்கி 12 மாதத்தில் 11,200 கட்டினால், குறைந்துகொண்டே வரும் அசலுக்கு உண்மை வட்டி 21 சதவீதத்துக்கு மேல். எழுதிக் கேட்டால் இந்த ஜாலம் நடக்காது.

தனியாகக் கேட்கும் பெண்ணுக்கு அடுத்த கடன் இல்லை என்பார்கள். ஆகவே சங்கமாகக் கேட்போம். வட்டிக்கு எண்ணால் வரம்பு வை, கூட்டுறவு வங்கியில் ஜாமீன் இல்லாமல் சிறு கடன் கொடு என்று சர்க்காரைக் கேட்போம். அதற்கு முதலில் நம் தெருக்களின் கணக்கு வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சங்க ஆபீசுக்கு எல்லோரும் கடன் அட்டையைக் கொண்டு வாருங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். ஒவ்வொரு அட்டையாக உட்கார்ந்து வட்டி போடுவோம்.