மொட்டை மாடியும் தெரு வெப்பமும்



தில்லிக் கோடையைப் பற்றித் தில்லிவாசிகளிடமே பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போன்றதாகும். எனினும் காலனியில் ஒவ்வொரு வீட்டாரும் மின்கட்டணத்தைக் குறைக்க வழி தேடும் இந்நாளில், வீட்டிற்குச் சிக்கனமானது தெருவிற்கும் நன்மையானதுதானா என்று வினவுதல் தகும்.

2024ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் பதிவான குறைந்தபட்ச வெப்பநிலையே 35.2 டிகிரி. அதே நாளில் தலைநகரின் மின் தேவை 8,656 மெகாவாட்டை எட்டிற்று. இவ்விரண்டும் தொடர்பற்றவை அல்ல. புவி வெப்பமடைதல் ஒருபுறமிருக்க, பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் இரவில் அதனைக் கக்குகிறது. அதற்கு அஞ்சி நாம் குளிர்சாதனத்தை முடுக்குகிறோம். அஃது அறையின் வெப்பத்தை அழிப்பதில்லை; வெளியே தள்ளுகிறது.

கணக்கு எளிது. மூன்று பங்கு வெப்பத்தை அகற்ற ஒரு பங்கு மின்சாரம் கொள்ளும் கருவி, தெருவில் நான்கு பங்கைக் கொட்டுகிறது. நட்சத்திரங்கள் மிகுந்த உயர்ந்த கருவியொன்று 0.6 பங்கு மின்சாரத்திலேயே அவ்வேலையைச் செய்யுமாயின், தெருவில் விழுவது 3.6 பங்கு. கட்டணம் நாற்பது விழுக்காடு குறைகிறது. தெருவின் சுமையோ பத்து விழுக்காடுதான். வேப்பமரத்தடியில் துணி தேய்ப்பவரும் இரவுக் காவல் புரியும் சௌகிதாரும் அந்த அனற்காற்றிலேதான் நிற்கிறார்கள். அவர்களுக்கு நட்சத்திரக் கணக்கு உதவாது. வெயில் வீட்டினுள் புகாமற் தடுப்பதே அம்மூன்று பங்கைக் குறைக்கும்.

தடுப்பதிலும் வேறுபாடு உண்டு. தளத்தின் மேல் வெப்பத்தடுப்புப் பலகை பதித்தால் உள்ளறை குளிரும். ஆயின் கீழே இறங்க வழியற்ற வெப்பத்தால் மேற்பரப்பு நண்பகலில் முன்னினும் காயும். பளபளக்கும் கண்ணாடிச் சுவரோ தன் வெயிலை எதிர்வீட்டாருக்குத் தானம் செய்துவிடும்! வெள்ளை பூசிய மாடி அத்தகையதன்று. புதுப்பூச்சு வெயிலின் பெரும்பகுதியை வானுக்கே திருப்பிவிடுகிறது. தளமும் காய்வதில்லை, இரவில் கக்குவதற்கும் மிச்சமில்லை. 2010 மே மாத வெப்ப அலையில் பேரிழப்புக் கண்ட ஆமதாபாத், 2013இல் வெப்பத் தற்காப்புத் திட்டம் வகுத்து, பின்னர் ஏழையர் கூரைகளுக்கு வெள்ளை பூசலாயிற்று. தெலங்கானா 2023இல் இதனை அரசுக் கொள்கையாகவே ஏற்றது.

இடையூறுகள் இல்லாமலில்லை. தில்லிப் புழுதிக்காற்றில் வெண்மை விரைவில் மங்கும், சுண்ணாம்பாயின் மழை கரைக்கும், ஆண்டுதோறும் பூசவேண்டும். நான்கைந்து மாடிகள் வெளுத்தால் நகரம் குளிர்ந்துவிடாது. பல காலனிகள் சேரவேண்டும். உடனடிப் பயன் மேல்மாடி வீட்டாருக்கே மிகுதி. ஆதலால் கீழ்வீட்டார் பங்கு தரத் தயங்குவர். நம் கருத்தில், கீழ்வீட்டின் சன்னலருகே விழும் மேல்வீட்டு அனற்காற்று தணியுமாதலால், அவர்களும் ஒரு பங்கு தருதல் நியாயமே. சரிபாதி கேட்பதுதான் தகாது.

குளிர்காலத்தில் வீடு மேலும் சில்லிடாதா எனத் தாய்மார்கள் கேட்கக்கூடும். சிறிது சில்லிடும். ஆயின் டிசம்பர் மாதத்தில் கதிரவன் தாழச் செல்வதாலும் பகற்பொழுது குறுகியதாலும் மாடியில் விழும் வெயிலே குறைவு. கோடையின் ஆதாயத்தை அந்த இழப்பு விழுங்கிவிடாது.

ஹோலி கழிந்ததும் பூச்சைத் தொடங்கலாம். அது நன்றாகக் காயும்வரை மாடியில் வடாம் பிழிவதை மட்டும் தள்ளிவைத்துக்கொள்ள வேண்டும்.