வெளிச்சமும் வருணம் பார்க்குமா?

(வாலிபர் கூட்டமொன்றில் பேசியது)



2020, 2021-ம் ஆண்டுகளில் கொரோனா பரவியபோது, விரல் நுனியில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிமீட்டர் என்ற சிறு கருவியை நம்மில் பலர் வாங்கினோம். ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் எவ்வளவு பிராணவாயுவைச் சுமக்கிறது என்பதை, ஒரு சொட்டு ரத்தங்கூட எடுக்காமல், வெளிச்சத்தைக் கொண்டே சொல்லுகிற கருவி அது.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. பிராணவாயு ஏறிய ரத்தம் செக்கச் செவேலென்றும், ஏறாத ரத்தம் கருஞ்சிவப்பாகவும் இருக்கிறது. ஆகவே சிவப்பு ஒளியையும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் செலுத்தி, எது எவ்வளவு மிஞ்சி வெளிவருகிறது என்று பார்த்தால் கணக்குக் கிடைத்துவிடும். ஆனால் தோலும் எலும்பும் ஒளியைத் தடுக்கின்றனவே? ஜப்பானில் நிஹான் கோடன் கம்பெனியின் பொறியாளர் டகுவோ அவோயாகி 1974-ல் இதற்கு வழி கண்டார். நாடியோடு சேர்ந்து துடிப்பது நாடிக்குழாய் ரத்தமே, எலும்பு துடிப்பதில்லை. ஆகவே துடிக்கின்ற பங்கை மட்டும் கணக்கிலெடு என்றார். அவர் செய்துவந்த வேறொரு சோதனைக்கு அந்தத் துடிப்பு இடைஞ்சலாயிருந்தது. அந்த இடைஞ்சலையே அவர் உபாயமாக்கிக் கொண்டார்!

இந்தக் கணக்குப்படி தோலின் நிறம் குறுக்கே வரக்கூடாது. ஆனால் வந்தது. 1990-லேயே அமெரிக்க மருத்துவர்கள் இதை எழுதினார்கள். 2020 டிசம்பரில் மிச்சிகன் மருத்துவர்கள் மறுபடியும் ஒப்பிட்டார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டிய வேளைகளில், ரத்தத்தை எடுத்துச் சோதித்தபோது உண்மையில் 88-க்கும் கீழே இருந்தது வெள்ளையரிடம் 100-க்கு 3.6 தடவை, கருப்பின மக்களிடம் 11.7 தடவை! மூச்சுக்குத் தவிக்கிறவனைப் பார்த்து, "உனக்குக் குறைவில்லை, வீட்டுக்குப் போ" என்று கருவி சொன்னால் அவன் கதி என்ன?

கருவி காட்டும் எண், ஆட்களிடம் சோதித்துப் பார்த்துத் திருத்தப்படுவது. 2013-ல் அமெரிக்க சர்க்கார் மருந்து நிர்வாகம் சொன்ன யோசனைப்படி, பத்துப் பேருக்குக் குறையாமல் சோதித்தால் போதும். அதில் கருத்த தோலுடையவர் இருவரோ, 100-க்கு 15 பேரோ, எது அதிகமோ அது போதும். முப்பது வருஷம் இந்தப் பிழை கிடப்பில் கிடந்ததே, அது யாருடைய உயிர் என்பதை யோசித்துப் பாருங்கள்.

உடனே புராணிகர் எழுந்து, "பார்த்தீர்களா, உங்கள் விஞ்ஞானமும் வருணம் பார்க்கிறதே!" என்பார். ஐயா, இந்தப் பிழையைக் கண்டுபிடித்தது யார்? அசரீரியா? குறிசொல்லியா? ரத்தத்தை எடுத்து ஒப்பிட்ட மருத்துவர்களல்லவா? 2021-ல் சர்க்காரே எச்சரிக்கை விட்டது. 2025 ஜனவரியில், பல நிறத்தவராக 150 பேருக்குக் குறையாமல் சோதிக்க வேண்டுமென்று புது யோசனை வெளியிட்டது. மனுதர்மத்துக்கு இப்படி ஒரு திருத்தம் எந்த ரிஷியாவது எழுதியதுண்டா? ஆனாலும் ஒன்று சொல்லுவேன்: விஞ்ஞானம் தானாகத் திருந்துவதில்லை, கேள்வி கேட்கிறவர்கள்தான் அதைத் திருத்துகிறார்கள்.

ஆகவே தோழர்களே, கருவியைத் தூக்கியெறியவும் வேண்டாம். ஆயுத பூஜையில் குங்குமம் வைத்துக் கும்பிடவும் வேண்டாம். நகப்பூச்சை அழித்துவிட்டு, விரல் சூடாயிருக்கும்போது பாருங்கள். எண் நன்றாயிருந்தும் மூச்சுத் திணறினால் எண்ணை நம்பாமல் மருத்துவரிடம் ஓடுங்கள். வாங்கும்போது, "எங்களைப் போன்ற நிறத்தவரிடம் இதைச் சோதித்தீர்களா?" என்று கூசாமல் கேளுங்கள். அப்படிக் கேட்பதுதான் பகுத்தறிவு. அதுதான் சுயமரியாதை என்று சொல்லி முடித்துக் கொள்ளுகிறேன்.