விபத்து முடிந்த பிறகும் முடியாத பயம்
(சங்கப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



2018 மார்ச் 11 அன்று போடி அருகே குரங்கணி மலையில், மலையேற்றம் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 23 பேர் உயிரிழந்தார்கள். தீக்காயங்களைப் பற்றி அன்று நிறையப் பேசினோம். பிழைத்தவர்கள், மீட்கப் போன ஊர்க்காரர்கள் ஆகியோரின் மனக்காயத்தைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை.

அந்தக் காயம் ஆறாமல் நின்றால் அதற்குப் பி.டி.எஸ்.டி. என்று பெயர். அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய். நடந்தது கனவிலும் நினைவிலும் திரும்பத் திரும்ப வரும். அதை நினைவூட்டும் இடத்துக்குப் போக மனம் வராது. யாரோடும் ஒட்டாது. சின்னச் சத்தத்துக்கும் உடம்பு தூக்கிப்போடும். முதல் சில வாரங்கள் இப்படி இருப்பது இயல்புதான்; பெரும்பாலோருக்குத் தானாகவே குறைந்துவிடும். ஒரு மாதம் தாண்டியும் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இது எனக்கே நடந்தது. ஓய்வு பெற்ற மறு வருடம், காட்ரோடு பக்கம் என் ஸ்கூட்டரை ஒரு லாரி உரசியது. கை எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிட்டது. ஆனால் ஏர்ஹாரன் கேட்டால் வேர்த்துக் கொட்டும். வத்தலக்குண்டு போக வேண்டிய வேலையை எல்லாம் எட்டு மாதம் தள்ளிப்போட்டேன். "ஒண்ணுமில்லை, மறந்துடுங்க" என்றார்கள். மறக்க முடிந்தால் மறக்க மாட்டேனா? கடைசியில் என் மகள்தான் பிடிவாதமாக மனநல மருத்துவரிடம் அழைத்துப்போனாள்.

வங்கியில் எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாத தொகையை சஸ்பென்ஸ் கணக்கில் வைப்போம். முறையாகப் பதிவு செய்யும் வரை அது தினமும் வந்து நிற்கும். என் விபத்தும் அப்படித்தான் நின்றது. ஆலோசகர் நடந்ததை என் வாயால் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்ல வைத்தார். பிறகு பஸ் ஸ்டாப்பில் நிற்பது, அடுத்து பஸ்ஸில் போவது என்று படிப்படியாகப் பழக்கினார். இப்போது தனியாகவே வத்தலக்குண்டு போய்வருகிறேன். சிலருக்கு மாத்திரையும் தேவைப்படும். மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். நாமாகத் தூக்க மாத்திரை வாங்கிப் போடுவதும், குடித்து மறக்கப் பார்ப்பதும் நோயை வளர்க்கும்.

செலவைப் பற்றியும் சொல்கிறேன். கானாவிலக்கில் உள்ள அரசு தேனி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதற்குச் சிகிச்சை உண்டு. உடல் நோய்க்குப் போலவே மன நோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சொல்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

பக்கத்து வீட்டில் யாருக்காவது இப்படி நேர்ந்தால், என்ன நடந்தது என்று துருவிக் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள். சாப்பாடு, தூக்கம், துணைக்கு ஒரு ஆள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சங்கத்துக்கு ஒரே கோரிக்கை: பிளம்பர், எலக்ட்ரீசியன் எண்களோடு 14416ஐயும் அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுங்கள்.