ஆட்டத்தை வாங்கியவரும் ஆட்டத்தை எழுதுபவரும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



இலக்கிய வட்டமொன்றின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் விளையாட்டுத் தொலைக்காட்சியைப் பற்றிய உரை எதற்கு என்னும் ஐயம் சிலருக்கு எழலாம். சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவே இலக்கியத்தின் முதற்கவலை. பொருள் என்னும் சொல்லுக்கோ தமிழில் கருத்து என்றும் செல்வம் என்றும் இருவேறு பொருள் உண்டு. செல்வமாகிய பொருள் வந்து சேரும்போது சொல்லின் பொருள் என்னவாகிறது என்னும் கேள்வி, கவிதைக்கு எவ்வளவு உரியதோ அவ்வளவு செய்தித் தொழிலுக்கும் உரியது.

சங்கப் புலவர் பலர் மன்னரிடம் பரிசில் பெற்று வாழ்ந்தவர்கள். எனினும், மலையமானின் இளஞ்சிறுவர்களை யானையின் காலில் இடக் கிள்ளிவளவன் முனைந்தபோது, கோவூர்கிழார் இடைநின்று தடுத்துப் பாடினார் என்பது புறநானூற்றால் அறியப்படும் செய்தி. இடித்துரைக்கும் பெரியோரைத் துணைக்கொள்வதை அரசனுக்குரிய பண்பாகவே வள்ளுவர் வைத்தார். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும் என்ற நாட்டிலேதான், உப்பிட்டவரிடம் உண்மையைச் சொல்லும் துணிவும் போற்றப்பட்டது. இந்நெறி இன்றைய விளையாட்டுச் செய்தித் தொழிலில் எந்நிலையில் உள்ளது என்பதை அறிய, அமெரிக்க நாட்டின் ஈ.எஸ்.பி.என். தொலைக்காட்சியின் வரலாறு தக்கதொரு சான்றாகும்.

கனெக்டிகட் மாநிலத்தின் பிரிஸ்டல் என்னும் சிறு நகரில், 1979ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் அந்நிறுவனம் தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. பில் ராஸ்முசென் என்பவர் தம் மகனோடு சேர்ந்து தோற்றுவித்த அந்நிலையத்தில் முதலில் ஒளிபரப்பானது ஆட்டமன்று. 'ஸ்போர்ட்ஸ்சென்டர்' என்னும் விளையாட்டுச் செய்தி நிகழ்ச்சியே. செய்தி சொல்வதற்கென்றே திறந்த கடை அது என்றுகூடச் சொல்லலாம்.

ஆயினும், செய்தியை மட்டும் விற்று எந்தக் கடையும் இவ்வளவு பெரிதாக வளர்ந்துவிடாது. ஆட்டங்களை நேரடியாகக் காட்டும் உரிமையை விலைக்கு வாங்கியே ஈ.எஸ்.பி.என். வளர்ந்தது. அமெரிக்கர்கள் கால்பந்து என்று அழைப்பது, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, எதிர்ப்பட்டவரை மோதி வீழ்த்தி ஆடும் ஆட்டத்தை. அதனை நடத்தும் அமைப்பு தேசியக் கால்பந்துக் கூட்டமைப்பு, சுருக்கமாக என்.எஃப்.எல். 1987ஆம் ஆண்டு அதன் ஆட்டங்களை ஈ.எஸ்.பி.என். காட்டத் தொடங்கியது. 1996இல் நிறுவனம் டிஸ்னியின் கைக்கு வந்தது. 2006 முதல் புகழ்பெற்ற திங்கள் இரவு ஆட்டங்கள் அதன்வசம் ஆயின; விலை ஆண்டுக்கு 110 கோடி டாலர். 2011இல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி அது ஆண்டுக்கு ஏறத்தாழ 190 கோடி டாலராக உயர்ந்தது.

இவ்விடத்தில் ஒரு விந்தையைக் கவனிக்க வேண்டும். பரிசில் பெற்றவர் வாய் அடைபடுவதுதான் உலக வழக்கு. இங்கோ பணம் கொடுப்பது தொலைக்காட்சி, பெறுவது கூட்டமைப்பு. அப்படியிருந்தும் அஞ்சவேண்டிய நிலை கொடுப்பவருக்கே வாய்த்தது. ஒப்பந்தம் முடியும் நாளில் அந்த ஆட்டங்களை வாங்க வேறு நிலையங்கள் வாசலில் காத்து நிற்கும். ஆட்டம் கைவிட்டுப் போனால் பார்வையாளரும் போவர்; விளம்பரமும் போகும். அதனால், விலை கொடுத்து வாங்கியவரே விற்றவரின் முகக்குறிப்பை நோக்கி நிற்க வேண்டியதாயிற்று.

இம்முகக்குறிப்பின் வலிமையை முதலில் வெளிப்படையாகக் காட்டியது 2003ஆம் ஆண்டு. கற்பனையான ஓர் அணியின் வாழ்வை, போதைப்பொருள், வன்முறை, மறைக்கப்படும் காயங்கள் ஆகியவற்றோடு சேர்த்துச் சித்திரித்த 'பிளேமேக்கர்ஸ்' என்னும் நாடகத் தொடரை ஈ.எஸ்.பி.என். அவ்வாண்டு வெளியிட்டது. தொடருக்கு நல்ல வரவேற்பு இருந்தது. கூட்டமைப்பின் தலைவராயிருந்த பால் டேக்லியாபூ டிஸ்னியின் தலைமையிடம் தம் வெறுப்பைத் தெரிவித்தார். 11 பகுதிகளோடு தொடர் நின்றது; 2004இல் அது கைவிடப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. கூட்டாளியின் மனம் நோகச் செய்ய விரும்பவில்லை என்பதை நிறுவனத்தார் மறைக்கவும் இல்லை. கற்பனைக்கே இக்கதி என்றால் உண்மைச் செய்திக்கு என்ன கதி என்று கேட்டவர் அன்றே இருந்தனர்.

அடுத்த சான்று 2010ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் நிகழ்ந்தது. கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸ் எந்த அணியில் சேரப்போகிறார் என்பதை அறிவிக்க 'தி டிசிஷன்' என்னும் தனி நிகழ்ச்சி நடைபெற்றது. ஒரே ஒரு வாக்கியத்தில் அடங்கும் செய்தி அது. அதற்கென ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்கப்பட்டது. விளம்பர நேரத்தை விற்கும் பொறுப்பை நிலையம் வீரரின் தரப்பிடமே விட்டுக்கொடுத்தது. அவ்வருவாய் சிறுவர் நலச் சங்கங்களுக்குச் சென்றது உண்மை, அது பாராட்டத்தக்கதும்கூட. ஆனால் கேள்வி கேட்கும் செய்தியாளரைத் தேர்ந்ததும் வீரரின் தரப்பே. ஏறத்தாழ அரை மணி நேரம் காத்திருந்த பின்னரே மயாமி அணியின் பெயர் வெளிப்பட்டது. ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் பார்த்திருந்தனர். கேட்கப்படுபவர் தம்மைக் கேட்பவரைத் தாமே நியமித்துக்கொண்டால், அதற்கு நேர்காணல் என்று பெயரிடலாமா என்பதே அன்று எழுந்த வினா. விளம்பரத்துக்கும் செய்திக்கும் இடையே இருந்த வரப்பு அன்றிரவு உழப்பட்டுவிட்டது.

எனினும் ஒரு தொடர் நிற்பதாலும், ஒரு வீரர் விளம்பரம் பெறுவதாலும் எவருடைய உயிருக்கும் ஊறு நேர்வதில்லை. மூன்றாவது சான்று அத்தகையதன்று.

பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியில் ஆடி நான்கு முறை வெற்றிக்கிண்ணம் கண்ட மைக் வெப்ஸ்டர், 2002ஆம் ஆண்டு தம் 50ஆம் வயதில் இறந்தார். இறுதி ஆண்டுகளில் நினைவு குழம்பி, சில காலம் தம் வண்டியிலேயே உறங்கி வாழ்ந்தவர் அவர். அவரது மூளையை ஆராய்ந்த நைஜீரிய மருத்துவர் பென்னட் ஒமலு, தொடர்ந்து தலையில் விழுந்த மோதல்களால் விளையும் சிதைவு நோயை அதில் கண்டார்; 2005இல் அதனை மருத்துவ இதழில் வெளியிட்டார். கூட்டமைப்பு அமைத்திருந்த மருத்துவக் குழுவோ அக்கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டுமென்று வாதிட்டது.

அதே காலத்தில் ஈ.எஸ்.பி.என். தன் திங்கட்கிழமை நிகழ்ச்சியில், அந்த வாரத்தின் மிகக் கடுமையான மோதல்களைத் தொகுத்துக் காட்டி, வர்ணனையாளர்கள் ஆரவாரம் செய்து மகிழும் பகுதியொன்றைச் சில ஆண்டுகள் நடத்தி வந்தது. ஒரு மனிதனின் தலை அதிர்வது பல்லாயிரம் வீடுகளில் கைதட்டலுக்குரிய காட்சியாயிற்று. பிற்காலத்தில் அப்பகுதி நிறுத்தப்பட்டது.

இங்கு ஒரு நேர்மையான மாற்றத்தையும் சொல்ல வேண்டும். அதே நிறுவனத்தின் செய்திப் பிரிவில் பணியாற்றிய மார்க் ஃபைனாரு-வாடா, ஸ்டீவ் ஃபைனாரு என்னும் உடன்பிறந்தார் இருவர், இவ்வுண்மையைத் தேடிப் புறப்பட்டனர். பொதுத் தொலைக்காட்சியான பி.பி.எஸ்.சின் 'ஃபிரண்ட்லைன்' நிகழ்ச்சியோடு ஈ.எஸ்.பி.என். கைகோத்தது. ஓராண்டுக்கு மேல் அக்கூட்டுப்பணி நடந்தது. வெப்ஸ்டரின் ஊனம் ஆட்டத்தில் பெற்ற தலைக்காயங்களால் வந்தது என்று கூட்டமைப்பின் ஓய்வூதியக் குழுவே 1999இல் ஒப்புக்கொண்டிருந்தது என்னும் செய்தி, 2012இல் அக்கூட்டுப்பணியால் வெளிவந்தது. வெளியில் மறுத்து வந்ததை ஏட்டில் ஒப்புக்கொண்டிருந்தனர் என்பதே அதன் பொருள்.

அதன் பின்னர், 2013 ஆகஸ்டில், ஆவணப்படம் வெளிவரச் சில வாரங்களே இருக்கையில், ஈ.எஸ்.பி.என். தன் பெயரையும் சின்னத்தையும் அதிலிருந்து விலக்கிக்கொண்டது. கூட்டமைப்பின் தலைவரும் தொலைக்காட்சியின் தலைவரும் நியூயார்க்கில் ஒரு விருந்தில் சந்தித்தபின் இது நிகழ்ந்தது என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது. இருதரப்பும் அழுத்தம் எதுவும் இல்லையென்று மறுத்தன. படத்தின் ஆசிரியப் பொறுப்பு தன்னிடம் இல்லாதபோது தன் பெயர் மட்டும் அதில் இருப்பது முறையன்று என்பது நிறுவனம் கூறிய காரணம். ஓராண்டுக்கு மேல் தோன்றாத அக்காரணம் கடைசி வாரங்களில் ஏன் தோன்றிற்று என்பதற்குத்தான் விடை போதவில்லை. 'லீக் ஆஃப் டினையல்' என்னும் அப்படம் அக்டோபர் 8ஆம் நாள் வெளிவந்தது. உடன்பிறந்தார் இருவரும் அதில் தோன்றினர். அதே பெயரில் அவர்கள் எழுதிய நூலும் வந்தது. பெயரை விலக்கிக்கொள்ளலாம், கண்ட உண்மையை விலக்க இயலாது. இதற்கிடையில், முன்னாள் வீரர் 4,500 பேருக்கு மேல் தொடுத்த வழக்கில் 76.5 கோடி டாலர் தருவதாகக் கூட்டமைப்பு 2013இலேயே உடன்பட்டது. 2016இல் ஆட்டத்துக்கும் அந்நோய்க்கும் தொடர்புண்டு என்று அதன் அலுவலர் ஒருவர் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் முன்னிலையில் ஒப்புக்கொண்டார்.

இவ்வளவும் கேட்டபின், ஈ.எஸ்.பி.என். பொய்யரின் கூடாரம் என்று முடிவு கட்டுவது அநீதியாகும். 1990இல் பாப் லே தொகுத்தளிக்கத் தொடங்கிய 'அவுட்சைட் தி லைன்ஸ்' என்னும் நிகழ்ச்சி, விளையாட்டின் இருட்டறைகளுக்குள் விளக்கேந்திச் சென்றது. 2005 முதல் குறைகேட்பாளர் ஒருவரை நியமித்து, தன்னைக் கண்டிக்கும் எழுத்தைத் தானே வெளியிடும் பெருந்தன்மையும் அந்நிறுவனத்துக்கு இருந்தது. வாஷிங்டன் போஸ்ட் நாளிதழின் விளையாட்டுப் பக்கங்களை நடத்திய ஜார்ஜ் சாலமன் முதலில் அப்பொறுப்பை ஏற்றார். ஜேம்ஸ் நிகழ்ச்சியைக் கண்டித்து விரிவாக எழுதிய டான் ஓல்மையர், திங்கள் இரவு ஆட்டங்களின் தயாரிப்பாளராய் முன்பு இருந்தவர். அவையறிந்த ஒருவரே அவையைக் கண்டித்தார். ஆவணப்படச் சிக்கலை அப்போதைய குறைகேட்பாளர் ராபர்ட் லிப்சைட் வெளிப்படையாகவே ஆராய்ந்தார்.

2014ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் இந்த இரு முகங்களையும் ஒருசேரக் காட்டியது. ரே ரைஸ் என்னும் வீரர் தம் வருங்கால மனைவியைத் தாக்கிய விவகாரத்தைக் கூட்டமைப்பு கையாண்ட விதத்தைப் பற்றி, ஈ.எஸ்.பி.என். செய்தியாளர்கள் கடுமையானதோர் ஆய்வுச் செய்தியை வெளியிட்டனர். அதே மாதம், அவ்விவகாரத்தில் கூட்டமைப்பின் தலைவர் பொய் சொல்கிறார் என்று கூறி, முடிந்தால் தம்மைத் தண்டித்துப் பார்க்கட்டும் என்று மேலிடத்துக்கு அறைகூவலும் விட்ட பில் சிம்மன்ஸ் என்னும் எழுத்தாளரை, இதழியல் நெறியின் பெயரால் நிறுவனம் மூன்று வாரம் விலக்கி வைத்தது. வீரருக்குக் கூட்டமைப்பு முதலில் விதித்த தண்டனையோ இரண்டே ஆட்டங்கள். நல்ல செய்தியாளர்கள் அங்கு இல்லாமலில்லை. அவர்கள் உழைப்பதற்கு நிழல் தரும் மரம் எவருடைய நிலத்தில் நிற்கிறது என்பதே சிக்கல்.

அந்நிழல் பின்னர் சுருங்கியது. 2018இல் குறைகேட்பாளர் பொறுப்பு முடிவுக்கு வந்தது, புதியவர் நியமிக்கப்படவில்லை. 2019இல் பாப் லே ஓய்வு பெற்றார். 2025 ஆகஸ்டில், கூட்டமைப்பின் சொந்தத் தொலைக்காட்சியை ஈ.எஸ்.பி.என். ஏற்பதற்கு ஈடாக, ஈ.எஸ்.பி.என். நிறுவனத்தின் பத்து விழுக்காட்டுப் பங்கினைக் கூட்டமைப்புக்கு வழங்கும் உடன்பாடு அறிவிக்கப்பட்டது. இதுவரை வாடிக்கையாளராயிருந்த உறவு, ஒரே வீட்டின் பங்காளி உறவாக மாறும் ஏற்பாடு அது. பங்காளியின் குற்றத்தைப் பஞ்சாயத்தில் எடுத்துரைப்பது எவ்வளவு கடினம் என்பதைக் கிராமத்தில் பிறந்தவருக்கு விளக்க வேண்டியதில்லை.

இதற்கு மருந்து அரியதொன்றன்று. ஒப்பந்தம் பேசும் அலுவலருக்குக் கீழே செய்தி ஆசிரியர் பணியாற்றக் கூடாது. செய்திக்குரியவர் எவரோ அவரோடு நிறுவனத்துக்குள்ள பண உறவைச் செய்தியிலேயே சொல்லிவிட வேண்டும். கேட்கப்படுபவர் கேட்பவரைத் தேர்ந்தெடுக்க விடக்கூடாது. வெளியிலிருந்து கண்டிக்க ஒருவர் நிரந்தரமாக இருக்க வேண்டும். இந்நான்கும் நாளிதழ்கள் நெடுங்காலம் அறிந்த நெறிகளே.

இவற்றுக்கு மேலாக ஓர் உண்மையை நினைவில் கொள்ள வேண்டும். கூட்டமைப்புக்குக் கொட்டிக் கொடுத்த கோடிகள் எவருடையவை? அமெரிக்காவில் கேபிள் இணைப்புப் பெற்ற வீடுகள், ஆட்டம் பார்த்தாலும் பாராவிட்டாலும், மாதந்தோறும் செலுத்திய கட்டணத்தில் ஒரு பகுதி ஈ.எஸ்.பி.என்.னுக்குச் சென்றது. உச்சத்தில் அவ்வீடுகள் ஏறத்தாழ 10 கோடி. அவற்றுள் பந்தைக் கையில் எடுத்த சிறுவர்கள் வாழும் வீடுகளும் இருந்தன. தலையில் மோதினால் என்ன ஆகும் என்று அறியும் உரிமை அச்சிறுவர்களின் தாய்மாருக்கு இருந்தது. அதற்கான விலையையும் அவர்களே கொடுத்திருந்தனர்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும் என்னும் பழமொழி ஈ.எஸ்.பி.என்.னுக்கும் பொருந்தும். உப்பிட்டவர் யார் என்பதில்தான் அது தடுமாறிற்று. கோவூர்கிழார் வளவனின் சோற்றை உண்டவராயினும், யானையின் முன்னே நின்ற சிறுவர்களின் பக்கமே பேசினார். செய்தியாளர் நிற்க வேண்டிய இடமும் அதுவே.